பல்லைப் பிடித்துப் பார்ப்பது

மார்க்கர் அண்ணாவின் மகளுக்கு நான் பரிசாகக் கொடுத்த ஸ்நூக்கர் கியூ, இப்போது அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. போன மாதம் போனபோது பார்த்தேன். வெயிலும் மழையும் பட்டு வளைவு இன்னும் கூடியிருந்தது. "தூக்கிப் போட மனசு வரலீங்க தம்பி, நல்ல கம்பு" என்றார் அண்ணி, கொஞ்சம் கூச்சத்தோடு. நல்ல கம்புதான். கொடிக்கு முட்டுக் கொடுக்க அதைவிட நல்ல கம்பு கிடைக்காது. விலை 7,500 ரூபாய்.

குறைந்த விலைக் கியூவை எப்படிப் பார்த்து வாங்குவது என்று நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். பதில் என்னிடம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் அந்தப் பதில் எனக்கு வந்து சேர்ந்த வழி கொஞ்சம் வெட்கக்கேடானது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

*

கோவையில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருடங்களில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டவற்றில் பாதி, ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் இருந்த ஸ்நூக்கர் பார்லரில் கற்றது. மூன்று டேபிள்கள். மேலே தொங்கும் நீளமான விளக்குப் பெட்டிகள். வெளியே மதியம் இரண்டு மணி வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் இரவு ஒன்பது மணி. வீட்டில் லேப் என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவோம். ஒரு மணி நேரத்துக்கான காசை நாலு பேர் பங்கு போட்டு, ஒரே டேபிளில் முறை வைத்து ஆடுவோம்.

அங்கே மார்க்கராக இருந்தவரைத்தான் மார்க்கர் அண்ணா என்கிறேன். மார்க்கர் என்றால் பாயிண்டுகளைப் பலகையில் ஏற்றுபவர் என்று பெயர். உண்மையில் எல்லா வேலையும் அவருடையதுதான். குழிக்குள் விழுந்த நிறப் பந்தை எடுத்து அதன் புள்ளியில் வைப்பார், பச்சைத் துணியை ஒரே திசையில் பிரஷ் போட்டு இஸ்திரி தேய்ப்பார், தேய்ந்த டிப்பைப் பிடுங்கிப் புதிது ஒட்டுவார், தோற்றவனும் ஜெயித்தவனும் போட்டுக்கொள்ளும் சண்டையை விலக்குவார். எங்களோடு அவர் ஆடியது அபூர்வம். ஆடினால் சுவரில் இருக்கும் பொதுக் கியூக்களில் கைக்கு வந்ததை எடுத்து ஆடுவார். எங்கள் நாலு பேரையும் சேர்த்து ஜெயிப்பார்.

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் பெங்களூரிலிருந்து கோவைக்குத் திரும்பினேன். பார்லர் அதே மாடியில் இருந்தது. மார்க்கர் அண்ணாவும் இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் "சார்" என்றார். "அண்ணா, தம்பின்னு கூப்பிடுங்ணா" என்றேன். "அப்படியெல்லாம் சட்டுன்னு வராதுங் சார்" என்று சிரித்தார். மூன்று வாரம் கழித்து வந்தது.

அவருடைய மகளை அங்கேதான் முதலில் பார்த்தேன். பதினாலு வயது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் அந்த இரண்டு மணி நேரம் ஒரு டேபிளை அவளுக்கு விட்டுத்தர ஓனர் சம்மதித்திருந்தார். விளக்கு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு, அப்பாவின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஆடுவாள். குனிந்து, கியூ தாடையை உரச, அசையாமல் நின்று அடிப்பாள். அடித்த பிறகும் அசையாமல் இருப்பாள். எனக்கு இன்றுவரை வராத விஷயம் அது.

*

திரும்பி வந்த உற்சாகத்தில் நான் ஒரு கியூ வாங்கினேன், ஆன்லைனில். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நட்சத்திரங்களை எண்ணினேன். கருங்காலிப் பிடி, கையால் இழைத்த ஸ்ப்ளைஸ், ஆஷ் மரம், முக்கால் ஜாயின்ட், கூடவே வெல்வெட் பெட்டி. வந்து சேர்ந்தபோது பெட்டியைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பளபளப்பு.

ஒரு மாதம் ஆடினேன். எனக்கு ஆட்டம் சரியாக வரவில்லை. எனக்கு எப்போதும் சரியாக வராது என்பதால் அதை நான் கியூவின் மேல் போடவில்லை. பிறகு சம்பளம் உயர்ந்தது, இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்கினேன். பழையது சும்மா கிடக்கிறதே என்று வெல்வெட் பெட்டியோடு கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

அவள் முகம் எப்படி மாறியது என்று எழுதத் தெரியவில்லை. "எனக்கேவா அங்கிள்?" என்றாள். மார்க்கர் அண்ணா கியூவை வாங்கி, கண்ணருகே ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, மகளிடமே கொடுத்தார். "அங்கிளுக்குத் தேங்ஸ் சொல்லு கண்ணு" என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நான் என்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயத்தில் இருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் "கியூ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பேன். "சூப்பரா இருக்கு அங்கிள்" என்பாள். எனக்கு அது தேவைப்பட்டது.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை. நேராக அடிப்பதற்கு ஒரு பயிற்சி உண்டு. வெள்ளைப் பந்தை பிரவுன் புள்ளியில் வைத்து, ப்ளூ, பிங்க், பிளாக் புள்ளிகளின் மேலாக எதிர்க் குஷனுக்கு அடிக்க வேண்டும். பந்து அதே கோட்டில் திரும்பி வந்து கியூவின் நுனியில் தொட வேண்டும். பந்தின் நடுவில் அடித்தால்தான் அப்படி வரும். மயிரிழை விலகினாலும் பந்தில் சுழற்சி ஏறி, குஷனில் பட்டதும் பக்கவாட்டில் ஓடிவிடும். அவள் பத்துக்கு எட்டு முறை அதைத் திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. "இதுல அடிச்சுப் பாரு" என்று என் புதுக் கியூவைக் கொடுத்தேன்.

பந்து வலது பக்கம் ஓடியது. மறுபடி அடித்தாள். மறுபடி வலது பக்கம். பத்து முறையும் வலது பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு தூரம்.

அவள் "ஸாரி அங்கிள், இது பழக்கமில்ல" என்றாள். நான் சாஃப்ட்வேர்க்காரன். ஒரே திசையில், ஒரே அளவில் பிழை வந்தால் அது பழக்கமின்மை அல்ல என்று எனக்குத் தெரியும். சுவரிலிருந்து ஒரு பொதுக் கியூவை எடுத்துக் கொடுத்தேன். அதிலும் வலது. பிறகு நான் கொடுத்த பரிசை எடுத்து விளக்கடியில் தூக்கிப் பிடித்து, முதல் முறையாக, அதன் நீளவாக்கில் பார்த்தேன். ஜாயின்ட்டுக்கு மேலே மரம் மெல்ல இடது பக்கம் சாய்ந்திருந்தது. சுழற்றினால் நுனி ஒரு சின்ன வட்டம் போட்டது.

அவள் எப்போதும் பிடியில் இருக்கும் சின்ன உலோக வில்லை மேலே வரும்படி பிடிப்பாள். அதனால் வளைவு எப்போதும் ஒரே பக்கம். வளைந்த கியூவில் நேராக அடிக்க, ஐந்து மாதத்தில் அவள் கை தானாகவே எதிர்ப்பக்கம் கோணிக்கொள்ளக் கற்றிருக்கிறது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்துகொண்டிருந்தது. எங்கள் தொழிலில் இதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தெரியவரும்.

மார்க்கர் அண்ணாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "உங்களுக்கு இது தெரியுமாங்ணா?"

அவர் டேபிளைப் பிரஷ் போடுவதை நிறுத்தவில்லை. "வந்த அன்னைக்கே தெரியுங் தம்பி. மழைக்கப்புறம் கொஞ்சம் கூடுச்சு."

"ஏன் சொல்லல?"

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்கறதாங்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சீட்டு எடுத்ததும் மாத்திக்கலாம்னு நெனச்சேன். புள்ளைக்குக் கை இவ்வளவு சீக்கிரம் பழகும்னு நெனைக்கல. என்ற தப்புத்தான்" என்றார்.

அது அவருடைய தப்பு இல்லை. மாட்டின் பல்லை வாங்குபவன் பார்க்கக் கூடாது என்றால், கொடுப்பவன் பார்த்திருக்க வேண்டும்.

*

இந்த விளையாட்டு நம் ஊருக்கு எவ்வளவு பக்கம் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். 1875-ல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரி நெவில் சேம்பர்லின், மழைக்கால மாலை ஒன்றில் பில்லியர்ட்ஸ் மேஜையில் நிறப் பந்துகளைச் சேர்த்து உருவாக்கிய ஆட்டம் என்று சொல்வார்கள். பின்னாளில் பிரதமரானவர் வேறு நெவில் சேம்பர்லின். ராணுவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பயல்களை 'ஸ்நூக்கர்' என்று கேலி செய்வார்களாம். ஆடத் தெரியாதவனைச் சொன்ன அந்தக் கேலியே ஆட்டத்துக்குப் பெயரானது. 1882-ல் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். எங்கள் பார்லரிலிருந்து பஸ் பிடித்தால் மூன்று நான்கு மணி நேரம்.

மார்க்கர் அண்ணாவின் மகள் ஏழாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக ஊட்டி போயிருக்கிறாள். பொட்டானிக்கல் கார்டன் பார்த்தார்கள், போட் ஹவுஸ் பார்த்தார்கள், வர்க்கி வாங்கினார்கள். அந்தக் கிளப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உறுப்பினர் அல்லாதவர்கள் சும்மா உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அதிகாரிகளின் ஓய்வறையில் பிறந்த விளையாட்டு இது. முழு அளவு டேபிளின் நீளம் 12 அடி. யார் வீட்டிலும் போட முடியாது, யாராவது ஒருவருடைய தயவில்தான் ஆட முடியும். ஆடுபவருக்கென்று சொந்தமாக இருக்கக்கூடியது கியூ ஒன்றுதான். முப்பது வருடம் மார்க்கராக இருந்தவருக்கு அதுவும் இருந்ததில்லை.

*

சீட்டுப் பணத்தில் 6,000 ஒதுக்கியிருந்தார். மீதிக்கு ஸ்கூல் ஃபீஸ். நான் வாங்கித் தருகிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார், மாட்டேன் என்கிற ஆட்டம். "கூட வாங்க தம்பி, போதும்" என்றார். டவுன்ஹால் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு மூன்று பேரும் போனோம். நான் பையில் டிஜிட்டல் வெர்னியரும் சமையலறைத் தராசும் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

எங்கள் விலைக்குள் ஒரே மாடலில் ஒன்பது கியூக்கள் இருந்தன. எல்லாம் ஒன்றுதானே, எதை எடுத்தால் என்ன என்று நான் நினைத்தேன். அங்கேதான் எனக்கு முதல் பாடம். விலை கூடிய கியூவை இழைப்பவர், பத்து மரத்தில் எட்டைக் கழித்துவிட்டு இரண்டை எடுக்கிறார். அந்தக் கழிப்புக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். மலிவான கியூவில் யாரும் எதையும் கழிப்பதில்லை. பத்தும் கடைக்கு வந்துவிடும். கழிக்கிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அதனால் விலை குறைவான கியூவை ஒன்றே ஒன்றாக, அதுவும் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. என் அம்மா ஆயுளில் ஒரு முறைகூட வெண்டைக்காயை நுனி உடைக்காமல் வாங்கியதில்லை. நான் 7,500 ரூபாய்க்கு அதைச் செய்யவில்லை.

மார்க்கர் அண்ணா முதலில் கியூவைப் பார்க்கவில்லை, கடையைப் பார்த்தார். சில கியூக்கள் ஸ்டாண்டில் செங்குத்தாக நின்றன. மூன்று மட்டும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்த மூன்றையும் தொடவே இல்லை. மாதக்கணக்கில் சாய்ந்து நிற்கும் மரம் சாய்ந்தபடியே பழகிவிடும். மிச்சம் ஆறு. அவற்றை எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தார். ட்யூப்லைட்டில் மரம் பார்க்கக் கூடாதாம்.

நான் ஒன்றை வாங்கி கண்ணாடி ஷோகேஸ் மேல் உருட்டினேன். தடதடவென்று குதித்தது. "இது கோணல்" என்றேன். "அவசரப்படாதீங் தம்பி" என்று கியூவைத் திருப்பிக் காட்டினார். பிடியின் அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கி, வில்லை பதித்திருக்கிறார்கள். அந்தத் தட்டை ஷோகேஸ் விளிம்புக்கு வெளியே போகும்படி வைத்து உருட்டச் சொன்னார். இப்போது அமைதியாக உருண்டது. கியூவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. "அப்பவும் இடைவெளி இருக்கே?" என்றேன். "இருக்கலாம். உருளும்போது அது மாறுதா, ஒரே மாதிரி இருக்குதான்னு பாருங்க." மாறவில்லை. நுனி சிறுத்து வரும் விதத்தால் உண்டாகும் இடைவெளி உருளும்போது மாறாது. வளைவால் வரும் இடைவெளி விரிந்து சுருங்கும். உருட்டிப் பார்ப்பதைச் சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருபோதும் யோசித்ததில்லை.

உருட்டலைவிடக் கண்ணை நம்பலாம் என்பார் அவர். பிடியைக் கன்னத்தருகே வைத்து, நுனியை வெளிச்சத்தின் பக்கம் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சுழற்ற வேண்டும். இரண்டு துண்டுக் கியூ என்றால் துண்டுகளைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, பூட்டிய பிறகும் பார்க்க வேண்டும். தனியாக நேராக இருந்து, பூட்டியதும் கோணினால், ஜாயின்ட்டின் பித்தளை மரை மையம் தவறியிருக்கிறது. ஆறில் ஒன்று அப்படிப் போனது. மரை கடைசிச் சுற்றுவரை ஒரே இறுக்கமாக ஏற வேண்டும். இரண்டு முகங்களும் முடி நுழையாமல் உட்கார வேண்டும். இன்னொன்றில் மரை கடைசியில் லொடலொடத்தது. மிச்சம் நான்கு.

பிறகு மரத்தின் ரேகை. ஆஷ் மரத்தில் ரேகைகள் கியூவின் மேல்பக்கம் அம்புக்குறிகளைப் போலக் கூம்பிக் கூம்பி வரும். பக்கவாட்டில் நீளக் கோடுகளாக ஓடும். எல்லோரும் அம்புகளை எண்ணுவார்கள், எண்ணிக்கை அழகுக்கு. அவர் பக்கவாட்டுக் கோடுகளைத்தான் விரலால் தொடர்ந்தார். கோடு பிடியிலிருந்து நுனிவரை விலகாமல் ஓட வேண்டும். நடுவழியில் சரிந்து விளிம்பில் காணாமல் போனால், அந்த இடத்தில் மரம் பலவீனம். இன்றைக்கு நேராக இருந்தாலும் ஒரு மழைக்காலத்தில் திரும்பிவிடும். "நுனி ஒரு முழம் ரொம்ப முக்கியங் தம்பி. மத்தது கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாப் போச்சாது." அப்போது ஒன்று விளங்கியது. நான் கொடுத்த கியூவில் அம்பே இல்லை. ராமின் போன்ற வெளிர் நிற மலிவு மரங்களில் அந்த அம்புகள் இருக்காது. மேப்பிளில் ரேகை கண்ணுக்கே எளிதில் தெரியாது, அது தனிக் கதை. ஆனால் ஆஷ் என்று எழுதி விற்றால் அம்பு இருக்க வேண்டும். என்னுடையதில் இருந்தது கெட்டியான வார்னிஷ்.

கருங்காலி விஷயமும் அப்படித்தான். ஊரெல்லாம் கருங்காலி மாலை விற்கிற காலம் இது. கறுப்புச் சாயம் பூசியதெல்லாம் கருங்காலி. நிஜமாகவே இழைத்த ஸ்ப்ளைஸில் கறுப்பு மரமும் வெளிர் மரமும் சேரும் இடத்தை நகத்தால் வருடினால் எதுவும் தட்டுப்படாது, ஆனால் கண்ணுக்கு மரத்தின் துளைகள் தெரியும். ஒட்டிய படத்தில் துளை இருக்காது, விளிம்பு இருக்கும். கையால் இழைத்தவற்றின் முனைகள் பெரும்பாலும் வளைந்து முடியும். மெஷினில் சேர்த்தவை ஊசி முனையாக முடியும். இந்த விலைக்கு மெஷின் ஸ்ப்ளைஸ்தான் வரும், அது குறையில்லை. மெஷினைக் கை என்று சொல்லி விற்பதுதான் குறை. நான் வெல்வெட் பெட்டியோடு வாங்கியது அதுகூட இல்லை. ஸ்டிக்கர்.

அடுத்து தட்டிப் பார்ப்பது. கியூவை இரண்டு விரலில் தளர்வாகத் தொங்கவிட்டு, மறுகையின் மணிக்கட்டால் ஒரு தட்டு. மண்பானை வாங்குகிற அதே தட்டு. 'டக்' என்று ஒரே ஒலியாகக் கேட்டால் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'டர்ர்' என்று உள்ளே ஏதாவது அதிர்ந்தால் பூண் தளர்ந்திருக்கிறது, அல்லது ஜாயின்ட், அல்லது பிடிக்குள் எடைக்காக வைத்த உலோகம். பூண் என்பது அவர் சொல். நுனியில் மரம் பிளக்காமல் காக்கும் பித்தளை வளையத்தை எங்கள் கல்லூரி செட் முழுக்க ஃபெருல் என்போம். உலக்கை நுனியில் இருப்பதும் பூண்தானே என்று அவர் சொன்ன பிறகு எனக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை ஏன் தேவைப்பட்டது என்றே தெரியவில்லை. ஒன்று டர்ரென்றது. மிச்சம் மூன்று.

என் வெர்னியருக்கு இப்போது வேலை வந்தது. பூணின் விட்டம் மூன்றிலும் ஒன்பதரை மி.மீ. பக்கம். ஸ்நூக்கருக்குச் சரி. பந்து 52.5 மி.மீ. தான், நுனி தடித்தால் எங்கே தொடுகிறோம் என்ற நுட்பம் போய்விடும். எடை 18 அவுன்ஸை ஒட்டி, அதாவது ஐந்நூறு கிராம் சொச்சம். ஒன்று மட்டும் முப்பது கிராம் கூடி, விரலில் நிறுத்தினால் முன்பக்கம் சாய்ந்தது. அவளுக்கு அது கனம். வைத்துவிட்டார். உயரத்துக்கு 57 அங்குலம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் யூனிஃபார்ம் தைக்கும்போது கொஞ்சம் பெரிதாகத்தானே தைக்கிறோம். வளர்கிற பிள்ளை.

அவர் கடைசிவரை பார்க்காத இரண்டு விஷயங்கள் உண்டு, டிப்பும் பளபளப்பும். நான்தான் டிப் தட்டையாக இருக்கிறதே என்று கவலைப்பட்டேன். "டிப்பு எப்படியும் புடுங்கிட்டு வேற போடப் போறோம். வார்னிஷ் கைல ஒட்டுச்சுன்னா லேசா தேச்சு எண்ணெய் விட்டுக்கலாம். பூணுகூட கணபதில நம்ம பையன் லேத்துல கடைஞ்சு குடுத்துருவான்" என்றார். மாற்ற முடிந்ததைப் பார்த்து வாங்காதே, மாற்ற முடியாததைப் பார்த்து வாங்கு. இதை அவர் வாக்கியமாகச் சொல்லவில்லை. அவர் எதைத் தொட்டார், எதைத் தொடவில்லை என்பதை வைத்து நான் சொல்கிறேன்.

நான் வாரத்துக்கு இரண்டு பேரை வேலைக்காக நேர்காணல் செய்கிறவன். அந்த வாசல்படியில் நின்றபோது, ஆறு மாதம் முன்பு 'கம்யூனிகேஷன் போதாது' என்று எழுதி நிராகரித்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பையன். நான் கேட்ட கணக்கை, நான் எதிர்பார்க்காத சுருக்கமான வழியில் போட்டிருந்தான். ஆங்கிலத்தில் விளக்கத் திணறினான். அது தேய்த்தால் போகிற வார்னிஷ். நான் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

*

இரண்டு மிஞ்சின. ஒன்றில் ஏழு அம்புகள், இழைத்த கோலம்போல. மற்றதில் அம்பு மூன்றுதான், ஜாயின்ட்டுக்குக் கீழே இரண்டு விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கறை. ரேகை இரண்டிலும் நுனிவரை நேர். நான் ஏழு அம்புக்காரன் பக்கம். மார்க்கர் அண்ணா இரண்டையும் மகளிடம் நீட்டிவிட்டுத் தள்ளி நின்றார்.

"நீங்க சொல்லுங்ணா, எது?"

"நான் எடுத்தா என்ற கைக்குத்தான் எடுப்பேன். அவ கைக்கு நான் எப்படி எடுக்கறது?"

அவள் ஷோகேஸ் மேல் இடது கையை ஊன்றி, குனிந்து, இல்லாத பந்தை நோக்கிக் கியூவை முன்னும் பின்னும் ஓட்டினாள். முதலில் ஏழு அம்பு. பிறகு கறை. பிறகு மறுபடி ஏழு அம்பு. கடைப்பையன் போனை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "இதுப்பா" என்று கறையை நீட்டினாள். ஏன் என்று கேட்டேன். "அது எங்க இருக்குன்னு தெரியுது அங்கிள். இது இருக்கறதே தெரியல."

கறைக்காக 400 குறைத்து, 5,400 என்றார் கடைக்காரர். மார்க்கர் அண்ணா ஒரு நிபந்தனை போட்டார். பணத்தைக் கொடுத்துவிடுகிறோம், பார்லரில் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்து, சரியில்லை என்றால் மாலைக்குள் திருப்பிக் கொண்டுவருவோம். வெளியில் செய்யும் எந்தச் சோதனையும் பந்தில் பட்டால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாது. கடைக்காரர் கொஞ்சம் முனகி, ஒப்புக்கொண்டார். நூறு ரூபாய்த் தாள்கள் நிறைய இருந்ததால் எண்ணி முடிக்க நேரம் ஆனது. நல்ல டிப் ஒன்றுக்கு 300 ரூபாய். அதை மட்டும் நான் கொடுக்க விட்டார்.

கியூ திருப்பிப் போகவில்லை. ஆனால் அவள் கை சட்டென்று திரும்பி வரவுமில்லை. நேரான கியூவில் பந்து வலது பக்கமே ஓடிக்கொண்டிருந்தது. முதல் மாதம் அவள் ஆட்டம் படுமோசமாகிவிட்டது. முன்பு சாதாரணமாகப் போட்ட பந்துகளைத் தவறவிட்டாள். ஒரு நாள் பழைய கியூவைக் கேட்டு அழுதாள். அந்த மாதம் நடந்த ஜூனியர் போட்டி ஒன்றில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தாள். அன்று பார்லரில் யாரும் பேசவில்லை. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். "நான் கொடுத்த கியூ வளைஞ்சிருந்துச்சும்மா. நான் பாக்காம கொடுத்துட்டேன். உன் தப்பு எதுவும் இல்ல."

"தெரியும் அங்கிள்" என்றாள். "அப்பா சொல்லிட்டாங்க. ஆனா அதுதான எனக்கு மொதல் ஸ்டிக்கு."

ஸ்டீஃபன் ஹென்ட்ரியைப் பற்றி அவளிடம் சொன்னேன். ஏழு முறை உலகச் சாம்பியன். சிறு வயதில் நாற்பது பவுண்டு சுமாருக்கு வாங்கிய சாதாரணக் கியூ ஒன்றை வைத்தே அந்த ஏழையும் ஜெயித்தார். 2003-ல் விமானப் பயணம் ஒன்றில் அது உடைந்துபோனது. அதன் பிறகு எவ்வளவோ நல்ல கியூக்கள் அவருக்குக் கிடைத்தும், எட்டாவது பட்டம் வரவில்லை. வயது, மற்ற ஆட்டக்காரர்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. அவள் கேட்டுவிட்டு, "அப்ப இத பத்திரமா வெச்சுக்கணும்" என்றாள். நான் சொல்ல வந்தது அதுதானா என்று தெரியவில்லை. அதுவும் சரிதான்.

நான்காவது மாதம் பந்து திரும்பி வர ஆரம்பித்தது. முதலில் பத்துக்கு மூன்று, பிறகு ஐந்து. இப்போது எனக்கு எண்ணத் தோன்றுவதில்லை.

போன மழைக்கு அப்புறம் ஒரு காலையில், அவள் டேபிளுக்கு வந்ததும் கியூவைப் பூட்டி, கன்னத்தருகே தூக்கி, ஒரு கண்ணை மூடிச் சுழற்றினாள். பிறகு என்னிடம் நீட்டி, "நீங்களும் ஒருக்கா பாருங்க அங்கிள்" என்றாள். விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பிடியிலிருந்து நுனிவரை, கறையைத் தாண்டி, கோடு விலகாமல் போயிற்று. "நேரா இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

மறுபடி தூக்கிப் பார்த்தேன்.